புருவத்தில் வெங்காயம் தேய்ப்பதற்கு முன்

"பூச்சி வெட்டுதான் அம்மணி, ஒண்ணும் பயப்படாத. சின்ன வெங்காயத்த ரெண்டா அரிஞ்சு, செவக்கச் செவக்கத் தேயி, மொளச்சுக்கும்." ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும், புருவத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு முடி கொட்டிப்போன பிள்ளைக்கு முதலில் கிடைக்கிற வைத்தியம் இதுதான். சொல்வது அம்முச்சியாக இருக்கும், பக்கத்துத் தோட்டத்து அக்காவாக இருக்கும். வெங்காயத்துக்குக் கேட்கவில்லை என்றால் அடுத்தது பூண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் ஆத்துத்தும்மட்டிக்காய். சொல்கிறவர்கள் எல்லாம் பிரியத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மையும் இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போய்விடலாம். பாதி உண்மையாக இருப்பதால்தான் இதைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்தாத்தில் செய்து 2002-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தலையில் பூச்சி வெட்டு, அதாவது புழுவெட்டு, விழுந்தவர்களுக்குத் தினமும் இரண்டு வேளை பச்சை வெங்காயச் சாறு தடவினார்கள். 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்குத்தான் முளைத்தது. சிறிய ஆய்வுதான், யாருக்கு எதைத் தடவுகிறோம் என்பதையும் மறைக்க முடியாது, வெங்காய வாசமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் காரணம் ஊகிக்கக்கூடியதே. புழுவெட்டில் பூச்சியும் கிடையாது, புழுவும் கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் முடியின் வேரைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்து அதை வேலை செய்யவிடாமல் நிறுத்தி வைக்கின்றன. மேல்தோலில் ஒரு எரிச்சலை உண்டாக்கினால் அந்தக் கூட்டம் திசை மாறிப்போகலாம். தோல் டாக்டர்கள் டிபிசிபி என்ற மருந்தைத் தலையில் தடவி, வேண்டுமென்றே அரிப்பைக் கிளப்பிச் செய்கிற சிகிச்சையும் இந்த யோசனையில் நிற்பதுதான்.

தலைத்தோல் தடிமனானது. புருவத்துத் தோல் அப்படி இல்லை, அதற்குக் கீழே விரல்கடை தூரத்தில் கண் இருக்கிறது. பச்சைப் பூண்டை அரைத்து அரைமணி நேரம் முகத்தில் கட்டி வைத்தாலே தீப்பட்டது போலக் கொப்பளம் எழும்பும். கொப்பளம் புண்ணாகி, புண் ஆறித் தழும்பானால் அந்தத் தழும்புக்குள் முடி வேர் பிழைக்காது. தானாகவே திரும்பி வந்திருக்கக்கூடிய புருவத்தை இனி வரவே வராத புருவமாக்குகிற வழி இதுதான். சின்னத் திட்டாக விழுகிற புழுவெட்டு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடுகிறது. வெங்காயத்தின் புகழில் ஒரு பங்கு இப்படிச் சும்மா இருந்தே முளைத்த முடிக்குச் சேர வேண்டியது.

துளை இருக்கிறதா, மூடிவிட்டதா

புருவம் உதிர்வதற்குக் காரணம் ஒன்றிரண்டு இல்லை, டஜன் கணக்கில் உண்டு. அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லாம் பிரிகிற இடம் ஒன்றுதான்: முடி விழுந்த இடத்தில் அது வெளிவருகிற துளை இன்னும் இருக்கிறதா, இல்லை தோல் மூடி வழவழவென்று ஆகிவிட்டதா? துளை இருந்தால் வேர் உள்ளே உறங்குகிறது. பொறுமையாக இருக்கலாம், காலம் நம் பக்கம். துளை மூடியிருந்தால் அந்த இடத்து வேர் செத்துவிட்டது. மிச்சம் இருக்கும் முடியையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் இந்த வாரமே போக வேண்டும். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு வழுக்கைக்கு இரண்டு விதமான அவசரம்.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். திருப்பூர், கரூர் பக்கம் பாதி வீடுகளில் துணியின் இழை எண்ணுகிற பிக் கிளாஸ் கிடக்கும். அது போதும். முகத்தை எண்ணெய், பவுடர், மை எதுவும் இல்லாமல் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி ஜன்னலோரம் உட்காருங்கள். இரண்டு விரலால் புருவத்துத் தோலை மேலும் கீழுமாக லேசாக இழுத்துப் பிடித்து, இன்னொருவரை லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி புள்ளியாகக் குழி தெரிந்தால் நல்லது. கறுப்புப் புள்ளியாக ஒடிந்த முடியோ, மேலே தடித்து அடியில் மெலிந்து ஆச்சரியக்குறி போல நிற்கும் குட்டை முடியோ தெரிந்தால் அது புழுவெட்டின் அடையாளம், நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புள்ளியே இல்லாமல் வழவழப்பாக, சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ ஊதா கலந்தோ தெரிந்தால் தாமதிக்காதீர்கள். நம்முடைய மாநிறத் தோலில் வேர்வைத் துளையும் வெள்ளைப் புள்ளியாகவே தெரியும், அதைப் பார்த்து முடித்துளை என்று ஏமாறலாம். அதனால் வீட்டில் பார்ப்பது எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ள மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது டாக்டர் கையில் இருக்கும், தோலைப் பெரிதாக்கிக் காட்டுகிற டெர்மாஸ்கோப். அதிலும் விடை கிடைக்காவிட்டால் 3, 4 மில்லிமீட்டர் தோல் எடுத்துப் பயாப்ஸி.

அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு தடவை, அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரம். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. தலைமுடி வருஷக்கணக்கில் வளரும், புருவமுடி சில மாதங்களே வளர்ந்து ஓய்ந்துவிடும் முடி. எந்த மருந்தாக இருந்தாலும் மூன்று நான்கு மாதம் ஓடாமல் பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு டாக்டர் என்று கோவைக்கும் சேலத்துக்கும் அலைகிறவர்கள் எந்த மருந்துக்கும் அவகாசமே கொடுப்பதில்லை.

செதிலும் அரிப்பும்

துளை திறந்திருக்கிற வகையில் புழுவெட்டை விட அதிகம் பேருக்கு இருப்பது செபோரிக் டெர்மடைட்டிஸ், புருவத்துப் பொடுகு என்று சொன்னால் புரியும். புருவத்திலும் மூக்கு மடிப்பிலும் மஞ்சளாக, பிசுபிசுப்பான செதில் உதிரும். எண்ணெயைத் தின்று வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கும் இதில் பங்கு உண்டு. காய்ந்துபோய்ச் செதில் விழுகிறது என்று நினைத்து ராத்திரியில் விளக்கெண்ணெய் தடவிப் படுக்கிறார்கள். அது அந்தப் பூஞ்சைக்கு வைக்கிற சோறு. விளக்கெண்ணெய் புருவத்தை வளர்க்கும் என்பதற்கும் நம்பத்தக்க ஆதாரம் கிடையாது, இருக்கிற முடிக்கு மினுமினுப்புத் தரும், அவ்வளவுதான். இதற்கு வேண்டியது 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு. வாரம் இரண்டு தடவை, உள்ளங்கையில் நுரைத்து, கண்ணை மூடிக்கொண்டு புருவத்தில் தடவி, ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும். உடனே கழுவிவிட்டால் பூசியும் பயனில்லை. நான்கு வாரத்தில் அடங்கும். அதோடு விட்டுவிட்டால் திரும்ப வரும், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது தொடர வேண்டும். இது நீண்டகால நோய், வேரோடு போகாது, அடங்கியிருக்கும்.

எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு நோயில் முடியைக் கொல்வது நோயைக் காட்டிலும் கைதான். அரிக்கிறது, புறங்கையால் அரக்கித் தேய்க்கிறோம், வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு முடி தேய்ந்தே உதிர்ந்துவிடுகிறது. நம் பக்கத்தில் இதற்கென்று தனியாக ஒரு எதிரி உண்டு, பார்த்தீனியம். 1950-களில் புணே பக்கம் தலைகாட்டிய செடி, இன்றைக்கு வாய்க்கால் மேடு, ரோட்டோரம், தரிசு ஒன்று பாக்கியில்லை. ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொண்டு பல்லடம், உடுமலை வரைக்கும் வீசும்போது, காய்ந்த செடியின் தூள் மண்ணோடு சேர்ந்து முகத்தில் அடிக்கிறது. அதிலுள்ள பார்த்தினின் என்ற பொருள்தான் ஒவ்வாமையைக் கிளப்புவது. கண் இமை, புருவம், கழுத்து, சட்டைக் காலர் திறந்திருக்கும் இடம் எல்லாம் தடித்துக் கறுத்து அரித்தால், அதுவும் காட்டு வேலைக்குப் போகிறவருக்கு வருஷாவருஷம் இதே பருவத்தில் வந்தால், முதலில் செடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில் தெரிந்துவிடும். ஒவ்வாமை உள்ளவர் அந்தச் செடியைத் தொடவே கூடாது, வேறு ஆள் பிடுங்கட்டும். பூ வைப்பதற்கு முன்னால், மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, கையுறையோடு வேரோடு பிடுங்க வேண்டும். குவித்துத் தீ வைத்துப் புகையில் நிற்பது நெம்பத் தப்பு. காட்டிலிருந்து வந்தவுடனே முகம் கழுவி, சட்டையை மாற்றிவிட்டு அப்புறம்தான் காப்பி. அந்தச் சட்டையை வெளியில் காயப்போடாதீர்கள், காற்று மறுபடியும் அதில் தூளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

தைராய்டு குறைந்தாலும் புருவத்தின் வால் உதிரும், டிஎஸ்எச் என்ற ரத்த டெஸ்ட்டில் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை. முடி கொட்டினால் எல்லோரும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில லேப் முறைகளில் தைராய்டு ரிசல்ட் தப்பாக வரும், தைராய்டு குறைந்திருந்தாலும் கூடியிருப்பது போலக் காட்டலாம். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிட்டு, போட்டுக்கொண்டிருந்த விஷயத்தை லேப்பிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

துளை மூடுகிற நோய்களில் முக்கியமானது ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகமாக வருவது. 1994-ல்தான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக எழுதி வைத்தது. நெற்றியில் முடிவரிசை வருஷத்துக்கு வருஷம் பின்னால் போகும். பலருக்கு அதற்கும் முன்னாலேயே புருவம் மெலிய ஆரம்பித்துவிடும். "வயசாச்சு, கொட்டுது" என்று வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அம்மாவுக்கு இரண்டு புருவமும் ஒட்டுக்கா மெலிந்தால் அவர் நெற்றியையும் பாருங்கள். பழைய கல்யாண போட்டோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இளவயது நெற்றியைவிட இப்போது ஒரு விரல் அகலம் கூடியிருந்தால் தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போன முடி வராது, இருப்பதை நிறுத்தி வைக்க மருந்து உண்டு. எதிர்ப்பு அணுக்கள் தோலையே தாக்குவதால் வந்து, வெயிலில் கூடிக்கொண்டே போகும் டிஸ்காய்டு லூபஸும் இப்படித் தழும்பாக்குகிற நோய்தான்.

வாய்விட்டுச் சொல்லாத பயம்

புருவம் உதிர்ந்தவுடனே பெரியவர்கள் மனசில் ஓடுவதும் வாயில் வராததும் ஒன்றுதான், பெருவியாதி. தொழுநோய். இதை மூடி மூடி வைப்பதால்தான் கெடுதல். முற்றிய தொழுநோயில் புருவம் வெளிப்பக்கத்திலிருந்து உதிர்வது உண்மை. ஆனால் அது தனியாக வராது. முகத்துத் தோல் தடித்து மினுமினுக்கும், காது மடல் தடிக்கும், சிறு முடிச்சுகள் எழும்பும், கை காலில் சூடு குளிர் மரத்துப்போகும், உடம்பில் மங்கலான திட்டு இருக்கலாம். அந்தத் திட்டில் அரிப்பே இருக்காது. அரிக்கிற, செதில் உதிர்கிற புருவம் பெரும்பாலும் வேறு நோய்.

அதுவாகவே இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். கிருமி அதிகமுள்ள வகைக்கு ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபசிமின் மூன்றும் சேர்ந்த அட்டை, 12 மாதம். மாதத்துக்கு ஒரு நாள் பெரிய டோஸை நர்ஸ் முன்னாலேயே விழுங்க வேண்டும், அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கிளோஃபசிமின் தோலைக் கறுக்க வைக்கும். அக்கம்பக்கம் கேட்கும் என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இதனால்தான் நிறுத்துகிறார்கள். மாத்திரை முடிந்தபின் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்துவிடும். மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகிறது. அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதில் அர்த்தம் இல்லை. இந்தியாவில் 2005 முடிவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் கீழே இறங்கிய நோய் இது. ஆளைப் பார்த்ததும் சந்தேகப்படுவதும் தப்பு, சந்தேகமிருந்தும் காட்டாமல் விடுவதும் தப்பு.

ட்யூப், ஊசி, மாத்திரை

மெடிக்கல் கடையில் கேட்டவுடனே எடுத்துக் கொடுக்கிற ட்யூப், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கலவை க்ரீம். 2018-லேயே பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள், இருந்தும் கிடைக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடுவதால் மந்திரம் போலத் தோன்றும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், படர்தாமரை இருந்தால் உருமாறிப் பரவும், கண் பக்கம் என்பதால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரலாம். ஸ்டீராய்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. டாக்டர் எழுதிய வீரியம், எழுதிய நாள் கணக்கு, ஒரு புருவத்துக்கு ஒரு அரிசி அளவு. நீண்ட நாள் தடவ வேண்டியிருந்தால் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு நல்லது, தோலை மெலிய வைக்காது. முதல் வாரம் எரியும், அந்த எரிச்சலில் பயந்துபோய் நிறுத்துகிறவர்கள் அதிகம். சில நாளில் தணிந்துவிடும்.

புழுவெட்டுக்குப் புருவத்தில் போடுகிற ஊசி ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு. இதில் கணக்குத்தான் உயிர். தலைக்குப் போடுகிற அடர்த்தியைப் புருவத்தில் போட்டால் தோல் குழி விழும். மில்லிக்கு 2.5 மில்லிகிராம் போதும். மருந்துக் குப்பி மில்லிக்கு 10 அல்லது 40 மில்லிகிராமாக வருவதால் சலைனில் கலந்து நீர்க்க வேண்டும், பத்து என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு. ஒரு புருவத்தில் ஐந்து இடம், இடத்துக்கு 0.1 மில்லி, மெல்லிய ஊசி, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை. ஆறு மாதம் போட்டும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் அந்த வழியை விட்டுவிடலாம். "எத்தனை மில்லிகிராமுங்க டாக்டர், நீர்த்துத்தானே போடுறீங்க?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

புழுவெட்டில் தலை, புருவம், இமை எல்லாமே கொட்டிப்போனவர்களுக்கு இப்போது புது வழி திறந்திருக்கிறது. பாரிசிட்டினிப் மாத்திரையை இதற்குக் கொடுக்க 2022-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு அணுக்களுக்குப் போகும் உத்தரவை இது வழியிலேயே மறிக்கிறது. அதனாலேயே உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமி எழுந்துவிடலாம். டிபி, மஞ்சள்காமாலை பி, ரத்த அணுக்கள், கொழுப்பு எல்லாம் பார்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது. நிறுத்தினால் பலருக்கும் முடி மறுபடி கொட்டுகிறது. ஒற்றைப் புருவத்துத் திட்டுக்கு இது வேண்டாத பெரிய ஆயுதம்.

முடி இல்லாத நாட்கள்

புருவம் அழகுக்கு மட்டும் இல்லை, நெற்றி வேர்வையைக் கண்ணுக்குள் விடாமல் ஓரத்துக்குத் திருப்பிவிடுகிற வரப்பு அது. பங்குனி வெயிலில் களை எடுக்கிறவருக்கும், டையிங் பட்டறையில் நீராவிக்கு நடுவே நிற்கிறவருக்கும் வரப்பு உடைந்தால் உப்புத்தண்ணி நேராகக் கண்ணில் இறங்கும். நெற்றியில் இரண்டு மடிப்பாக ஒரு பருத்தித் துண்டைக் கட்டி, நனைந்ததும் மாற்றுங்கள். இமைமுடியும் போயிருந்தால் வண்டி ஓட்டும்போது பக்கம் மறைக்கிற கண்ணாடி கட்டாயம். மேல்விளிம்பு தடித்த ஃபிரேம் வாங்கினால் புருவ இடத்தையும் ஓரளவு மறைக்கும்.

விசேஷத்துக்குப் போகும்போது பென்சிலில் வரைந்துகொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. மூக்கின் ஓரத்திலிருந்து பென்சிலை நேராக மேலே நிறுத்தினால் புருவம் தொடங்கும் புள்ளி. அதே இடத்திலிருந்து கருவிழியின் வெளி விளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி. கண்ணின் வெளி மூலை வழியாகச் சாய்த்தால் முடியும் புள்ளி. மூன்றையும் இலேசாகக் குறித்துவிட்டு, ஒரே கோடாக இழுக்காமல், முடி வளரும் திசையில் குட்டிக் குட்டிக் கீற்றாகப் போடுங்கள். அட்டக்கறுப்பு வேண்டாம், அடர்பழுப்பே இயல்பாக இருக்கும். முதலில் பவுடர் ஒற்றி, பிறகு பென்சில், மேலே மறுபடி பவுடர். கண்மையால் வரைந்தால் முகூர்த்தம் முடிவதற்குள் வழிந்துவிடும். பச்சை குத்துவது போல நிரந்தரமாக வரைகிற மைக்ரோபிளேடிங், நோய் அடங்கி மாதங்கள் ஆகும் முன்னால் கூடாது. ஸ்டிக்கர் பொட்டுப் பசையால் சிலருக்கு அந்த இடமே வெளுக்கும், அரிப்பு உள்ள நெற்றிக்குக் கொஞ்ச நாள் அதுவும் வேண்டாம்.

பொண்ணு பார்க்க வருகிற வீட்டில் இதை மறைக்கலாமா என்பது பல குடும்பத்தில் ராத்தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. மறைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு பென்சில் இல்லாமல் எழுந்து வருகிற முதல் காலையில் அந்தப் பெண் படுகிற பாட்டை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். "எம்புள்ளைக்குப் புழுவெட்டு இருக்குதுங்க, ஒட்டுற நோய் இல்லைங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கறமுங்க." இந்த மூன்று வாக்கியத்தை அவளுக்கு முன்னால், அவளுடைய சம்மதத்தோடு, தகப்பன் சொல்லிவிட்டால் அவள் தோளில் பாரம் இறங்கிவிடும்.

புழுவெட்டில் முதலில் திரும்புவது கறுப்பு முடியாக இருக்காது. வெள்ளையாக, பூனைமுடி போல மெலிசாக, வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்தினால் மட்டும் தெரிகிற மாதிரி வரும். நரை என்று நினைத்துப் பார்லரில் பிடுங்கிவிடுகிறார்கள், இல்லை டை அடிக்கிறார்கள். டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கண்ணே வீங்கிவிடும். அந்த வெள்ளை முடி பெரும்பாலும் அடுத்தடுத்த சுற்றில்தான் நிறம் ஏறிக் கறுக்கும். ஜன்னலோரப் படத்தில் அது ஒன்றிரண்டு தெரிந்தால் த்ரெட்டிங் நூலை இன்னும் சில மாதம் அந்தப் பக்கம் விடாதீர்கள், "மத்த எடத்த மட்டும் எடுங்கக்கா, இதத் தொடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டு உட்காருங்கள்.